அரசு காண்ட்ராக்ட் வேலையில் ஸ்கில்டு கூலியை எழுதி வாங்குவது எப்படி

நான் வயர்மேன். 2024 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் வரை சென்னையில் மத்திய அரசுத் துறை ஒன்றின் கட்டட வேலையில் 143 நாள் வேலை பார்த்தேன். கையில் வந்தது நாளுக்கு 700 ரூபாய். அந்த ஆறு மாதத்துக்கும் சென்னையில் மத்திய அரசின் கட்டுமான வேலைகளில் திறன் பெற்ற (ஸ்கில்டு) தொழிலாளிக்குக் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சக் கூலி 954 ரூபாய். வேலை முடிந்து ஊருக்குப் போன பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

கணக்குப் போட்டால் நாளுக்கு 254 ரூபாய் குறைவு, மொத்தம் 36,322 ரூபாய். அலைந்து திரிந்து அதில் 24,453 ரூபாய் வாங்கினேன். மீதி 11,869 ரூபாய் போனது போனதுதான். அது ஏன் போனது என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன், அதை மட்டுமாவது தவறாமல் படியுங்கள். எந்த காண்ட்ராக்டர், எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர், பிளம்பர், வெல்டர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று கையில் தொழில் இருந்து, அரசு காண்ட்ராக்டில் முதல்முறையாக வேலைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. இது யாருடைய வேலை என்று முதல் நாளே பாருங்கள்

உங்களைக் கூப்பிட்டது மேஸ்திரி. மேஸ்திரிக்கு மேலே லேபர் காண்ட்ராக்டர், அவருக்கு மேலே சப்-காண்ட்ராக்டர், அதற்கும் மேலே டெண்டர் எடுத்த காண்ட்ராக்டர். இவர்கள் எல்லோருக்கும் மேலே வேலையைக் கொடுத்த அரசுத் துறை இருக்கிறது. பாக்கி என்று வரும்போது மேஸ்திரியிடம் கேட்டால் "எனக்கே வரவில்லை" என்பார். அது பல நேரம் உண்மையாகவும் இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது துறைக்கு. அதற்குத் துறையின் பெயர் தெரிய வேண்டும்.

சைட் வாசலில் ஒரு பலகை இருக்கும். வேலையின் பெயர், ஒப்பந்த எண், காண்ட்ராக்டர் பெயர், தொடங்கிய தேதி, முடிக்க வேண்டிய தேதி, துறையின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். முதல் நாளே அதை போனில் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் முதலில் காணாமல் போவது அந்தப் பலகைதான்.

மத்திய அரசு வேலையா, மாநில அரசு வேலையா என்பது முக்கியம். மத்திய பொதுப்பணித் துறை, ரயில்வே, பெரிய துறைமுகம், விமான நிலையம், மத்திய பொதுத்துறை நிறுவனம் என்றால் காண்ட்ராக்டரின் ஆட்களுக்கும் மத்திய அரசின் கூலி விகிதம், மத்திய தொழிலாளர் அலுவலகம். மாநிலப் பொதுப்பணித் துறை, மாநில நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி என்றால் தமிழக அரசு அறிவிக்கும் விகிதம், மாநிலத் தொழிலாளர் துறை. மாற்றிக் கொடுத்தால் மனு ஒரு மாதம் கழித்து "எங்கள் வரம்பில் இல்லை" என்று திரும்பி வரும்.

2. அன்றைய கூலி விகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மத்திய அரசு வேலைகளுக்கான விகிதத்தைத் தலைமைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறது: ஏப்ரல் 1, அக்டோபர் 1. விலைவாசிக்கு ஏற்ப மாறும் அகவிலைப்படி அதில் சேரும். ஊர்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை ஏ. கோயம்புத்தூரும் மதுரையும் பி. பட்டியலில் பெயர் இல்லாத ஊர்கள் சி.

2024 அக்டோபர் 1 முதல் கட்டுமான வேலைக்கு ஏ பகுதியில் இருந்த விகிதம் இது. திறன் பெறாதவருக்கு 783 ரூபாய், பகுதித் திறன் பெற்றவருக்கு 868, திறன் பெற்றவருக்கு 954, உயர் திறன் பெற்றவருக்கு 1,035. திறன் பெற்றவருக்கு பி பகுதியில் 868, சி பகுதியில் 739. இது அந்த ஆறு மாதத்துக்கானது. நீங்கள் வேலை பார்த்த மாதத்துக்கு உரிய அறிவிப்பை அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் எடுத்து ஒரு பிரதி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஏப்ரலையோ அக்டோபரையோ தாண்டிப் போனால் இரண்டு விகிதங்களிலும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். பழைய விகிதத்திலேயே முழுக் கணக்கையும் போட்டு நஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதக் கணக்கில் பேசினால் தினக் கூலியை 26-ஆல் பெருக்குங்கள். 954 ரூபாய்க்கு மாதம் 24,804 வரும். வார விடுமுறைக்கான கூலி அந்தத் தினக் கூலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதால்தான் 26.

3. உங்களை எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறார்கள்?

ஏமாற்று நடக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். கூலியைக் குறைத்து எழுதினால் மாட்டிக்கொள்வார்கள் என்று காண்ட்ராக்டருக்குத் தெரியும். அதனால் விகிதத்தைச் சரியாகவே எழுதி, ஆளைக் கீழே இறக்கிவிடுவார்கள். மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், என் பெயருக்கு நேரே "ஹெல்பர்" என்று இருந்தது. பன்னிரண்டு வருடமாக வயரிங் செய்கிறவன் நான்.

"உன்னிடம் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்கிறதா? இல்லையென்றால் அன்ஸ்கில்டுதான்" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். மத்திய அரசின் அறிவிப்பிலேயே பிரிவுகளுக்கு விளக்கம் இருக்கிறது. வேலை அனுபவத்தால் வந்த திறமையோ, தொழிற்பயிற்சியால் வந்த திறமையோ, இரண்டில் எது இருந்தாலும் போதும். அந்த வேலையைச் செய்யச் சொந்த முனைப்பும் முடிவெடுக்கும் திறனும் தேவைப்பட்டால் அது திறன் பெற்ற வேலை. ஒரு ஸ்கில்டு ஆளின் மேற்பார்வையில் செய்வது பகுதித் திறன். அனுபவமே இல்லாமல் செய்யக்கூடிய எளிய வேலைதான் அன்ஸ்கில்டு. செங்கல் தூக்கிக் கொடுப்பவரும் மட்டம் பார்த்துச் சுவர் எழுப்புபவரும் ஒரே பிரிவில் வர மாட்டார்கள்.

எலக்ட்ரிக்கல் வேலைக்காரர்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது. எனக்கு அதுதான் கைகொடுத்தது. வயரிங்கைத் தகுதிச் சான்று உள்ளவர்தான் செய்ய வேண்டும். என்னிடம் வயர்மேன் தகுதிச் சான்று இருந்தது. "நான் ஹெல்பர் என்றால் நான்கு மாடிக்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு கட்டியது யார்? அவருடைய சான்று எங்கே?" என்று விசாரணையில் கேட்டேன். காண்ட்ராக்டர் தரப்பில் யாரும் பேசவில்லை. சான்று இல்லாத ஆளை வைத்து வயரிங் செய்தோம் என்று அவர்களால் சொல்ல முடியாது. நான் ஹெல்பர்தான் என்று அதற்கு மேல் சாதிக்கவும் முடியவில்லை.

மற்ற தொழில்காரர்களும் இதே வழியில் யோசித்துப் பாருங்கள். காண்ட்ராக்டர் துறையிடம் டைல்ஸ் போட்டதற்கும், பூச்சு வேலைக்கும், குழாய் போட்டதற்கும் அளவெடுத்து பில் வாங்குகிறார். அந்த வேலையை யாரோ ஒரு தொழில்காரர் செய்திருக்க வேண்டும். மஸ்டரில் பாதிப் பேர் ஹெல்பர் என்று இருந்தால், பில்லில் உள்ள வேலையைச் செய்தது யார் என்ற கேள்வி தானாக எழும்.

வேலைக்குச் சேரும்போதே நியமனக் கடிதமோ பணி அட்டையோ கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயம். கொடுத்தால் அதில் உங்கள் தொழிலின் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "தொழிலாளி" என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் "எலக்ட்ரீஷியன், திறன் பெற்றவர்" என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். சேரும் நாளில் கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும்.

4. ஆதாரத்தை வேலை நடக்கும்போதே சேருங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் தேதி, வந்த நேரம், போன நேரம், என்ன வேலை, எந்த மாடி, கூட இருந்தவர் யார் என்று எழுதுங்கள். வாரம் ஒருமுறை மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, பார்த்தாலே தெரிந்துவிடும். நான் முதல் இரண்டு மாதம் எழுதவில்லை. அந்த நாட்களை நிரூபிக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

நோட்டு தவிர இவற்றையும் வையுங்கள்:

- ஆதார், வங்கிப் பாஸ்புக் பிரதி
- கேட் பாஸ், சைட் அடையாள அட்டை, பாதுகாப்புப் பயிற்சி அட்டை
- தொழில் சான்று ஏதாவது இருந்தால் அது. இல்லையென்றால் முன்பு வேலை பார்த்த இடத்தில் வாங்கிய கடிதம்
- நீங்கள் தொழில் செய்துகொண்டிருக்கும் படங்கள், தேதியோடு
- "நாளைக்கு மூன்றாவது மாடி பாயின்ட் முடிக்கணும்" என்பது போல சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸப் செய்திகள்
- போனில் வந்த பணப் பரிமாற்றங்கள்

வாட்ஸப் செய்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஹெல்பரிடம் யாரும் "கரன்ட் பேஸ் மாற்றிக் கொடு" என்று செய்தி அனுப்ப மாட்டார்கள். போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும், அதனால் வீட்டில் இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

5. கையெழுத்து போடும் முன்

என் 11,869 ரூபாய் போனது இங்கேதான்.

சம்பள நாளில் சூப்பர்வைசர் ஒரு பெரிய ரிஜிஸ்டரைக் கொண்டு வருவார். வரிசையாக நிற்போம். தொகைக் கட்டம் காலியாக இருக்கும், இல்லையென்றால் பென்சிலில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு போவோம். அந்தக் கட்டத்தில் பிறகு 783 என்று எழுதிவிட்டார்கள். என் கையில் வந்தது 700. விசாரணையில் ரிஜிஸ்டரைக் காட்டி "783 கொடுத்தோம், இதோ கையெழுத்து" என்றார்கள். ஸ்கில்டு விகிதத்துக்கும் 783-க்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு 171 ரூபாய் எனக்குக் கிடைத்தது. 783-க்கும் 700-க்கும் நடுவில் இருந்த 83 ரூபாய்க்கு என் கையெழுத்தே எனக்கு எதிராக நின்றது. 83-ஐ 143-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

அதனால்:

காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லோரும் போடுகிறார்கள், நீங்கள் மட்டும் மறுத்தால் வேலை போய்விடும் என்ற நிலைமை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே கையில் வாங்கிய தொகையையும் தேதியையும் எழுதிவிடுங்கள். "ரூ.700, 7.12.2024" என்று எழுத மூன்று விநாடி ஆகும். அதை யாரும் அழிக்க முடியாது.

வங்கியில் போட்டுவிட்டுத் திரும்ப வாங்குகிற வழக்கமும் இருக்கிறது. கணக்கில் முழுத் தொகை வரும். மறுநாள் மேஸ்திரி வந்து "இவ்வளவு எடுத்துக் கொடு" என்பார். சில இடங்களில் ஏ.டி.எம். கார்டையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கார்டைக் கொடுக்கவே கூடாது. பணத்தைத் திரும்பக் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்றால் ரொக்கமாகக் கொடுக்காமல் போன் மூலம் அனுப்புங்கள், பதிவாவது இருக்கும். அனுப்பச் சொல்லி வந்த செய்தியையும் அழிக்காதீர்கள்.

சம்பளச் சீட்டு கேளுங்கள். ஒவ்வொரு வேலையளிப்பவரும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று அந்தப் புதிய தொகுப்புகளில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். வேலையை விட்டு நின்றாலோ நிறுத்தினாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) வாங்கி, பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். எண் தராமல் பிடித்தம் மட்டும் நடந்தால் அதையும் பாக்கிக் கணக்கில் சேருங்கள்.

6. பாக்கியை ஒரே தாளில் கணக்கிடுங்கள்

அதிகாரிகளுக்குக் கதை கேட்க நேரம் இருக்காது. ஒரு தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: மாதம், வேலை நாட்கள், கொடுத்திருக்க வேண்டிய விகிதம், கையில் வந்த விகிதம், வித்தியாசம். கீழே மொத்தம்.

ஓவர்டைமைத் தனியாகப் போடுங்கள். சாதாரண வேலை நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரண்டு மடங்கு. 954-ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 119 ரூபாய் 25 காசு. இரண்டு மடங்கு 238 ரூபாய் 50 காசு. தினமும் இரண்டு மணி நேரம் அதிகம் செய்திருந்தால் நாளுக்கு 477 ரூபாய் சேரும். பன்னிரண்டு மணி நேர வேலையை "ஒன்றரை ஷிப்ட்" என்று சொல்லி ஒன்றரை நாள் கூலி கொடுப்பது எல்லா சைட்டிலும் நடக்கிறது. சட்டப்படி அது இரண்டு நாள் கூலி. நான் ஓவர்டைம் நேரத்தை எழுதி வைக்காததால் அதைக் கேட்கவே முடியவில்லை.

சதுர அடிக்கு இவ்வளவு, பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி வேலை செய்தவர்கள் "நமக்கு இது பொருந்தாது" என்று விட்டுவிடுகிறார்கள். பீஸ் ரேட்டாக இருந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பதை வைத்து நாள் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள்.

7. துறையின் செயற்பொறியாளருக்கு எழுத்தில் மனு

பணம் வருவதற்குக் குறுக்கு வழி என்று ஒன்று இருந்தால் இதுதான். மத்திய பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் 19பி என்று ஒரு ஷரத்து இருக்கிறது. காண்ட்ராக்டர் தன் நேரடி ஆட்களுக்கு மட்டுமல்லாமல் சப்-காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆட்களுக்கும் நியாயக் கூலி கிடைக்கும்படி செய்ய வேண்டும், அவர்களும் அவருடைய ஆட்கள் போலத்தான் என்று அது சொல்கிறது. கொடுக்காவிட்டால் தொழிலாளிக்கு வர வேண்டிய தொகையைக் காண்ட்ராக்டரின் பில்லிலிருந்து பிடிக்கப் வேலையின் பொறுப்புப் பொறியாளருக்கு (பெரும்பாலும் செயற்பொறியாளர்) அதிகாரம் உண்டு. மற்ற துறை வேலை என்றால் அந்த ஒப்பந்தத்தில் இதே போன்ற ஷரத்து எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். டெண்டர் ஆவணத்தோடு அது பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும்.

பில்லில் பிடிக்க வேண்டும் என்றால் பில் பாக்கி இருக்க வேண்டும். அதனால்தான் காலம் முக்கியம். அதே நிபந்தனைகளில் 45-ஆவது ஷரத்துப்படி, தொழிலாளர் அலுவலரின் தடையின்மைச் சான்று இல்லாமல் காண்ட்ராக்டரின் பாதுகாப்பு வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கூடாது. ஆனால் வேலை முடிந்து மூன்று மாதம் வரை எந்தப் புகாரும் பதிவில் இல்லை என்றால் சான்று கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டு விடுவித்துவிடலாம். அந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் புகார் காகிதத்தில் இருக்க வேண்டும். மேஸ்திரி "அடுத்த மாதம் வாங்கித் தருகிறேன், அவசரப்படாதே" என்று சொல்லிச் சொல்லியே இந்தக் காலத்தைக் கடத்திவிடுவார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று இல்லை. காண்ட்ராக்டர் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, இந்த ஒப்பந்த எண் கொண்ட வேலையில் 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை 143 நாட்கள் வயர்மேனாக வேலை செய்தேன். திறன் பெற்ற தொழிலாளிக்கு உரிய நாள் கூலி ரூ.954. எனக்குக் கொடுத்தது ரூ.700. நிலுவை ரூ.36,322. வருகைப் பதிவேட்டில் என்னைத் தவறாக உதவியாளர் என்று பதிவு செய்துள்ளனர். என் தகுதிச் சான்றும் வேலைப் படங்களும் இணைத்துள்ளேன். விசாரித்து, நிலுவையை ஒப்பந்ததாரரின் பில்லிலிருந்து பிடித்து எனக்கு வழங்கவும், அதுவரை அவருடைய இறுதி பில்லையும் வைப்புத்தொகையையும் விடுவிக்காமல் நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகல்களைத் தொழிலாளர் அமலாக்க அலுவலருக்கும் காண்ட்ராக்டருக்கும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள்; பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. சைட்டில் இருக்கும் ஜூனியர் இன்ஜினியரிடம் வாய்மொழியாகச் சொல்வது புகாரில் சேராது.

வேலை நடக்கும்போதே கொடுப்பதா, முடிந்த பிறகா? நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடத் தயார் என்றால் நடக்கும்போதே கொடுங்கள், பில் ஓடிக்கொண்டிருக்கும், பலன் சீக்கிரம் வரும். தனி ஆள் என்றால் ஆதாரத்தைச் சேர்த்துக்கொண்டு, வேலை முடிந்த வாரமே கொடுத்துவிடுவது நல்லது. நான் இரண்டு வாரம் கழித்துத்தான் கொடுத்தேன், அதுவரை இறுதி பில் போகாதது என் நல்ல காலம்.

8. பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு

மூன்று வாரம் பார்த்தேன், பதில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசு அலுவலகத்துக்குப் போஸ்டல் ஆர்டர் வைக்கலாம், இணையத்திலும் போடலாம். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பிரதிக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் கட்டணம் இல்லாமல் முதல் மேல்முறையீடு.

கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள். உங்கள் பெயர் உள்ள மஸ்டர் பக்கங்கள், உங்கள் பெயர் உள்ள சம்பளப் பதிவேட்டுப் பக்கங்கள், கூலி தொடர்பான ஒப்பந்த ஷரத்து, உங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கை. மற்றவர்களின் விவரத்தைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். "ஏன் கொடுக்கவில்லை" என்று காரணம் கேட்டு எழுதாதீர்கள். இருக்கும் ஆவணத்தின் பிரதியைக் கேளுங்கள். என்னை ஹெல்பர் என்று எழுதியிருப்பது இந்தப் பதிலில்தான் முதல்முறை கண்ணில் பட்டது.

9. தொழிலாளர் துறையும் உரிமைக் கோரிக்கையும்

துறை அசையவில்லை என்றால் அடுத்தது இது. மத்திய அரசு வேலைக்குச் சென்னையில் மண்டல தொழிலாளர் ஆணையர் (மத்திய) அலுவலகம் இருக்கிறது. "சமாதான்" என்ற மத்திய அரசின் இணையதளத்திலும் கூலிக் கோரிக்கை பதியலாம். மாநில அரசு வேலை என்றால் உங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் போங்கள்.

முன்பு குறைந்தபட்சக் கூலிக் கோரிக்கைக்கு ஆறு மாதம்தான் அவகாசம். ஊதியச் சட்டத் தொகுப்பில் அது மூன்று வருடம். தொழிலாளியே மனு போடலாம், தொழிற்சங்கமும் போடலாம், ஆய்வாளரும் போடலாம். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நிலுவையோடு அதைப் போல பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பில் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு.

எல்லாவற்றையும்விட நமக்கு உதவுவது இது: கூலி குறைவு என்று கோரிக்கை வந்தால், முழுதாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது வேலையளிப்பவர். விசாரணையில் "நீதான் நிரூபிக்கணும்" என்று யாராவது சொன்னால், ஊதியச் சட்டத் தொகுப்பின் 59-ஆம் பிரிவைப் பார்க்கும்படி பணிவாகச் சொல்லுங்கள். ஐம்பதோ அதற்கு மேலோ ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ள இடத்தில், காண்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டு காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் புதிய சட்டத் தொகுப்புகளில் இருக்கிறது.

வக்கீல் தேவை என்று தோன்றினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் பேசுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. கட்டட வேலைக்காரரையும் அந்தத் தொழிலாளர் வகையில் சேர்க்கும்படி கேளுங்கள். அலுவலக வாசலில் "நான் வாங்கித் தருகிறேன், இருபது சதவீதம் கொடு" என்று வருபவர்களிடம் அசல் ஆவணம் எதையும் கொடுக்காதீர்கள்.

நலவாரிய அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் காட்டினால் கூலி கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் உதவித்தொகைக்கானது, கூலிப் பாக்கியை அது வாங்கித் தராது. அடையாளத்துக்கு ஒரு பிரதி இணைக்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு ஆன காலத்தையும் செலவையும் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் மனு, மே மாதம் தகவல் உரிமை மனு, ஜூனில் பதில், ஜூலையில் இரு தரப்பையும் வைத்து விசாரணை, ஆகஸ்டில் பணம். ஆறு முறை போய் வந்தேன். பஸ், ஜெராக்ஸ், தபால் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய்க்குள். ஆறு நாள் வேலை போனது தனி. விசாரணைத் தேதிக்கு மட்டும் எப்படியாவது நேரில் போய்விடுங்கள். நீங்கள் வராத நாளில் எதிர்த்தரப்பு "ஆள் ஒத்துக்கொண்டுவிட்டார்" என்று ஒரு தாளை நீட்டும்.

10. பணம் வாங்கும் நாளில்

ரொக்கமாக வாங்க வேண்டாம், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் தொகையும், எந்த மாதங்களுக்கானது என்பதும் எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரி இருந்தால், உண்மையில் எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. ஒரு பகுதிதான் வந்திருக்கிறது என்றால் "பகுதித் தொகை பெற்றேன்" என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள். கணக்கில் பணம் ஏறிய பிறகு கையெழுத்து, அதற்கு முன் இல்லை.

அன்றைக்கே அனுபவச் சான்றும் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் என்ன வேலை செய்தார் என்று விவரம் எழுதிக் காண்ட்ராக்டர் சான்று தர வேண்டும் என்று புதிய சட்டத் தொகுப்புகளில் இருக்கிறது. நான் வாங்கியதில் முதலில் "எலக்ட்ரிக்கல் உதவியாளர்" என்றுதான் டைப் செய்து வந்தது. திருப்பிக் கொடுத்து, "வயர்மேன், திறன் பெற்றவர்" என்று மாற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது புது சைட்டுக்குப் போகும்போது முதல் நாளே நான் எடுத்துக் கொடுப்பது அந்தத் தாளைத்தான்.